அச்சுக்கு மேலே ஒரு பலகை

தொண்ணூறுகளின் கடைசி. என் மனைவி வேலை பார்த்த ஆபீசில் டைப்ரைட்டர்களை எடுக்கப்போவதாகப் பேச்சு. கம்ப்யூட்டர் தேர்வில் தேறினால்தான் வேலை நிலைக்கும். அம்பத்தூரில் வகுப்புக்குப் போய்வந்தாள். புரோகிராம் எழுதுவதில் இன்ஹெரிட்டன்ஸ், மெட்டாகிளாஸ் என்று இரண்டு பாடங்கள். ஒன்றைப் படித்தால் மற்றொன்று குழம்பும். பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் வாய்மொழித் தேர்வு.

சதுர்த்தி காலையில் ஆவடி மார்க்கெட்டுக்குப் போனோம். ஈரக் களிமண் வாசனையும் எருக்கம்பூவுமாகத் தெருவே கனவில் வந்ததுபோல் இருந்தது. காது முழுசாக உள்ள பிள்ளையாரை அவள் தேடித் தேடிப் புரட்டினாள்.

கடைக்காரப் பெண் சிரித்தாள். "எக்கா, எத்தினி பொரட்னாலும் அதே காதுதான். அச்சுல மூளி கீது."

"அந்தச் சின்ன அச்சுலயுமா?" என்று கடையில் இருந்த இன்னொரு அச்சைக் காட்டினாள் என் மனைவி.

"பெர்ச பாத்து செஞ்சதாச்சே, மூளியும் கூடவே வந்துச்சு. மூஞ்சூறு மட்டும் புச்சா சேத்தது."

"அச்சு செய்றது யாரு?"

"தச்சருதான். ஒரு அளவுப் பலகை வச்சிகினுகீறாரு. புள்ளையாரோ லட்சுமியோ, எந்த அச்சா இருந்தாலும் அந்தப் பலகைப்படிதான்."

என் மனைவி கையில் களிமண்ணோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்கும் புரிந்ததுபோல் இருந்தது.

"அப்ப பெரிய அச்சுதான் அந்த மெட்டாகிளாஸா மே?" என்றேன்.

"அதான்யா இல்ல! நானும் இத்தினி நாளா அப்டித்தான் தப்பா சொல்லிகினு இருந்தேன். பெரிய அச்சு சின்னதுக்குக் காது குடுத்துச்சு, அது இன்ஹெரிட்டன்ஸ். பலகை காது குடுக்கல. அச்சுன்னா எப்டி இருக்கணும்னு சொல்லுது. அதான் மெட்டாகிளாஸ்."

"ரெண்டு பேரும் வாங்குறீங்களா, பாடம் நடத்துறீங்களா?" என்றாள் கடைக்காரி.

பூஜையில் கற்பூரப் புகைக்கு நடுவே கண்மூடி நின்றேன். களிமண்ணுக்கு மேல் அச்சு, அச்சுக்கு மேல் பலகை. அதற்கும் மேலே மனம் மிதந்துகொண்டே போனது. அவளுக்கு வாய் குழறாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளத்தான் கீழே இறங்கினேன்.

மறுநாள் மாலை சேக்காடு நிறுத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள். காத்திருந்த நான் பையை வாங்கிக்கொண்டேன்.

"அதையேதான் கேட்டாங்கயா. ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்னு."

"சொல்ட்டியா?"

"நாளையிலேந்து கம்ப்யூட்டர் ரூம்ல உக்காரணுமாம். செருப்ப வெளியவே உட்டுட்டுத்தான் உள்ள போவணும்."

எனக்குக் கண் கலங்கியது. "கோயிலு மாதிரியா மே?"

"ஆமா, ஏசி போட்ட கோயிலு. நடயா, பசிக்குது."