கல்யாண டிஸ்க்கைத் திறந்து காட்டிய என் குறிப்பு

இலவச வீடியோ பிளேயர் மென்பொருள் ஒன்றுக்குத் தமிழில் குறிப்புகள் எழுதித் தருகிறேன். காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்ட டிஸ்க்கின் பூட்டை உடைத்துக் காப்பி எடுப்பது எப்படி என்று, அதன் இணையப் பக்கத்தில் ஏழு படிகளில் எழுதினேன். உதாரணத்துக்கு அக்காவின் நிக்காஹ் டிஸ்க்கைத் திறந்து, ஸ்கிரீன்ஷாட் போட்டேன். மூலையில், நிக்காஹ்வைப் படம் பிடித்துக் கொடுத்த மதுராந்தகம் ஸ்டுடியோவின் பெயர் தெரிந்ததைக் கவனிக்கவில்லை.

பத்தே நாளில், குறிப்பைப் பார்த்துவிட்ட ஸ்டுடியோக்காரர், நிக்காஹ்வுக்கு வந்து பழகிய எங்கள் வீட்டுக்குள் இரண்டு ஆட்களோடு நுழைந்தார். கையில் கேமரா டிரைபாடின் இரும்புக் கால்.

"இன்னா மேடம், என் பூட்டை உடைக்க ஊருக்கே கிளாஸ் எடுத்துகினு கீறியா? காப்பிக்கு எவனும் என்கிட்ட வர மாட்றான்!"

முதல் அடியில் லேப்டாப் பிளந்தது. "அண்ணே, வேணாம்!" என்று குறுக்கே வந்த தம்பியின் முழங்கையில் அடுத்த அடி. எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. சுவரெல்லாம் ரத்தம்.

போலீஸ் அவரைக் கைது செய்தது. ஆனால் எங்கள் வக்கீல் முறைத்தது என்னைத்தான்.

"அடிச்சது அவன் குத்தம். ஆனா அடுத்தவன் உரிமையில இருக்கறத பூட்டை உடைச்சுக் காப்பி எடுக்கறதும் குத்தம்மா. வழி காட்டினா நீயும் மாட்டுவ. அவன் பேரோட ஆதாரத்த நீயே போட்டு வெச்சிருக்க."

அன்றே பக்கத்தை நீக்கினேன். யாரும் பிரதி எடுக்கலாம் என்ற திறந்த மூல மென்பொருளின் குறிப்பாயிற்றே, அதற்குள் அது பல தளங்களுக்குப் போய்விட்டது. அந்தப் பிரதிகளை என்னால் அழிக்க முடியவில்லை.

இப்போது மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருக்கிறேன். உதாரணப் படத்துக்குக் கடப்பாக்கத்தில் நானே எடுத்த கடல் வீடியோ மட்டும். பூட்டு என்று வந்தால், "விற்றவரிடம் கேளுங்கள்" என்பதோடு நிறுத்தம். சந்தேகம் வந்தால் வக்கீல் பார்த்த பிறகே வெளியீடு.

தம்பியின் வலது கை இன்னும் மடங்கவில்லை. எழுதி முடித்ததும் அவனுக்குச் சோறு ஊட்டப் போக வேண்டும்.