ஜீவராஜ் நயினார் நோன்பிருந்த கதை

செஞ்சிக் கடைத்தெரு ஜீவராஜ் நயினாரைவிட அவருடைய வலது முட்டிக்கு ஊரில் பெயர் அதிகம். பர்மா சண்டையில் குண்டு பாய்ந்தது என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்வார். பாரம் சுமந்த கோவேறு கழுதை மலைச்சரிவில் உருண்டு அவர்மேல் விழுந்தது என்பது மனைவி தர்மவதிக்கு மட்டும் தெரிந்த நிஜம். "பட்டாளத்த விட்டு வந்து பதினெட்டு வருஷம் ஆவுது, கழுத இன்னும் எறங்கல" என்பாள்.

விடிந்ததும் திருநாதர்குன்றுக்கு நடந்து போய்த் தீர்த்தங்கரர்களைக் கும்பிட்டு வருவது அவர் வழக்கம். முதல் மைலில் அவர் முட்டியைத் திட்டும் திட்டுக்குப் பனைமரங்கள் ஓலையால் காதைப் பொத்திக்கொள்ளும். இரண்டாவது மைலில் வசவு ஓயும். திரும்பும்போது மூக்கால் ஏதாவது ராகம் இழுத்துக்கொண்டு வருவார். தொட்டுப் பார்த்தால் வீக்கத்தின் கொதிப்பு பாதி தணிந்திருக்கும். நடந்தால் மனுஷர், நடக்காவிட்டால் வேதாளம். தர்மவதி அதற்குமேல் காரணம் தேடியதில்லை.

அறுபத்து நாலாம் வருஷத்து ஐப்பசியில் மழை பிடித்தது. பாறை வழுக்கியது; நடை நின்றது, முட்டி வீங்கியது. மருந்துக்கடைப் பாண்டுரங்கன் வந்து பார்த்துவிட்டு, "கால அசைக்கவே கூடாது நயினாரே, ஒரு மாசம் கட்டில்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

படுத்தார். பத்தே நாளில் முட்டி பூசணிப்பிஞ்சு ஆனது. பேச்சு நின்றது. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. சோறு பாதியாயிற்று, பிறகு ஒரு கைப்பிடி, பிறகு தட்டையே தள்ளினார்.

மூன்றாம் நாள் பட்டினியில் அவருடைய அக்கா லீலாவதி வந்தாள். சுவரைப் பார்த்துக் கிடந்த தம்பியை ஒரு நாழிகை உற்றுப் பார்த்தாள். பேச்சில்லை, உணவில்லை. கண்ணில் நீர் வழியக் கைகூப்பினாள்.

"தம்பி சல்லேகனை எடுத்துட்டான் தர்மவதி. நம்ம குலத்துல யாருக்குக் கெடைக்கும் இந்தப் பாக்கியம்!"

உணவைத் துறந்து அமைதியாக உயிரை விடும் சமணப் பெருநோன்பு அது. குருவின் சம்மதம் வேண்டும், கோபமற்ற மனம் வேண்டும். விடியற்காலையில் அவர் தன் முட்டியைத் தானே முஷ்டியால் குத்தியதைத் தர்மவதி பார்த்திருந்தாள். சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் அவலூர்பேட்டை பஸ்ஸில் சித்தப்பா சந்திரநாதன் உறவோடு வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி வந்தது. கிழவிகள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இத்தனை வருஷமாக 'ஐயோ பாவம்' என்றே கேட்டுப் பழகிய மனிதர், 'நீங்க எங்களுக்கு வழிகாட்டணும்' என்பதை முதன்முதலாகக் கேட்டார். மறுக்கவில்லை. அவருக்கு அது பிடித்திருந்ததைத் தர்மவதி கண்டுகொண்டாள். வீட்டில் அழுகை இல்லை, சண்டை இல்லை. எல்லோரும் மெல்ல நடந்தார்கள். ஒரு மனுஷன் செத்துக்கொண்டிருக்க, வீடு திருவிழாவுக்குத் தயாரானது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் உதடு வெடித்திருந்தது. கூப்பிட்டால் கண் திறக்க நேரமானது. இருட்டினால் சமண வீடுகளில் யாரும் பருக்கையைத் தொடமாட்டார்கள். இன்றைக்குத் தவறினால் நாளை விடியும்வரை காத்திருக்கவேண்டும். நாளை வரை இவர் இருப்பாரா?

தர்மவதி கஞ்சிச் சொம்போடு கூட்டத்தின் நடுவே வந்து நின்றாள்.

"எடுத்துட்டுப் போம்மா அத" என்றார் சந்திரநாதன். "நோம்புக்காரன் முன்னால இன்னா இது!"

"ஒரே ஒரு கேள்வி மாமா, கேட்டுட்டுப் போயிடறேன்." கட்டிலருகே குனிந்தாள். "இன்னாங்க, உங்களுக்குச் சாவணும்னு ஆச இருக்குதா? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

சாவை விரும்பினாலே அந்த நோன்பு கெட்டது என்பது அங்கிருந்த குழந்தைக்கும் தெரியும். பொய் சொல்வதும் பாவம். ஜன்னலில் வெளிச்சம் பழுப்பேறிக்கொண்டிருந்தது. அவர் வாய் இருமுறை அசைந்து மூடியது.

"முட்டி வலிக்குது தர்மு" என்றார். "தாங்க முடியல. அதான்."

லீலாவதி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சந்திரநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பஸ்ஸு இருக்குதா பாருங்கடா."

"கழுதய எறக்கலாம், எழுந்திருங்க" என்றாள் தர்மவதி.

இரண்டு மடக்கு கஞ்சி உள்ளே போனது. மூன்றாவது மடக்குக்குள் இருட்டிவிட்டது. அவளே சொம்பை மூடினாள். தோளைக் கொடுத்து வாசல் வரை நடத்தினாள். ஏழு அடி. ஏழுக்கும் ஏழு வசவு. அவள் காதுக்கு அது போதுமானதாக இருந்தது.

மழை மேலும் பதினோரு நாள் நிற்கவில்லை. தினமும் குடையைப் பிடித்துத் தெருவில் நடத்தினாள். ஒன்பதாம் நாள் மட்டும் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தர்மவதி வாசற்கதவைச் சாத்தித் தாழிட்டாள். உறவில் யாரும் எட்டிப் பார்த்துக் கைகூப்பிவிடக் கூடாதே என்று, அவர் காலைத் தரையில் வைக்கும்வரை கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.