பாதிரியாருக்கு அடுத்த கல்

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் இருந்தபோது, என்னோடு வேலை பார்த்த அந்த நாட்டுப் பெண் ஒருத்தி தன் முன்னோரைத் தேடிக்கொண்டிருந்தாள். மொரேவியன் என்ற கிறிஸ்தவச் சபையில் பாதிரியாராக ஊழியம் செய்த ஒருவரையும் அவர் மனைவியையும். பென்சில்வேனியாவில் அந்தச் சபைக்கு ஒரு பழைய கல்லறைத் தோட்டம் உண்டு. ஒரு சனிக்கிழமை துணைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"லீவு நாள்ல போயும் போயும் கல்லறைக்கா டிரைவ் பண்ணப் போறீங்க? வந்ததும் தலைக்குக் குளிச்சிட்டுத்தான் மத்ததெல்லாம், சொல்லிட்டேன்" என்றாள் என் மனைவி.

அங்கே எல்லாக் கற்களும் ஒரே அளவில், புல்லோடு புல்லாகப் படுத்துக் கிடந்தன. பாதிரியார் சீக்கிரமே கிடைத்துவிட்டார். அவர் பக்கத்திலேயே மனைவியைத் தேடித் தேடி எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களை யார் பிரித்துப் போட்டது?

அங்கிருந்த சபைப் பெரியவர் சிரித்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். குடும்பமும் அந்தஸ்தும் பார்ப்பதில்லை, இறந்த வரிசைப்படிதான் இடம் என்றார். பாதிரியாருக்கு அடுத்த கல், அடிமையாக வாழ்ந்து இறந்த ஓர் ஆப்பிரிக்கருடையது.

அவள் அந்த இரண்டு கற்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "உங்கள் ஊரில் எப்படி?" என்று கேட்டாள்.

"நாங்கள் எரித்துவிடுவோம்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் சாதிக்கு ஒரு சுடுகாடு என்பதை, திரும்பி வந்த ஒரு மணி நேரமும் நான் அவளிடம் சொல்லவே இல்லை.