தரையில் விரித்த பெல்ட்

கல்யாணமாகி வந்த புதிதில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் இல்லை. வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். முந்திரித் தோப்பை ஒட்டிய குடிசை வரிசையில் இருந்தோம். சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில்தான் பெண்கள் குளிக்க வேண்டும். பக்கத்திலேயே லாரிப் பாதை. உடம்பு பாதிகூட நனையாமலே நான் ஓடி வந்துவிடுவேன்.

அதைப் பார்த்துத்தான் அவர் குடிசைக்குப் பின்னால் மறைப்பு கட்டினார். நான்கு முந்திரிக் கழிகள், சுற்றிலும் பனையோலைத் தட்டி. லாரியிலிருந்து ரோட்டில் சிந்திய நிலக்கரிக் கட்டிகளைப் பொறுக்கி வந்து செங்கல்போல் அடுக்கி, மண் பூசி, இடுப்புயர மேடையாக்கினார். தண்ணீர் படுகிற இடத்தில் கரி எங்கே எரியப் போகிறது என்று நினைத்தோம். மேடைமேல் ஒரு பழைய தகர டின். அதிலிருந்து ரப்பர் குழாய், அதன் முனையில் ஆணியால் துளை போட்ட டப்பா. கீழே உட்கார்ந்தால் தலையில் பூவாளிபோல் தண்ணீர் விழும்.

தரைக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. ஒரு நாள், சுரங்கத்தில் கரி ஏற்றிப் போகிற கன்வேயர் பெல்ட்டின் ரப்பர் துண்டு ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து விரித்தார். கிழிந்து கழித்ததுதான். ஆனால் கேட்டைத் தாண்டி ஓர் ஆணி வந்தாலும் வேலை போய்விடும். பர்மனென்ட் லிஸ்ட் வரப்போகிறது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம். போதாக்குறைக்கு, பக்கத்துக் குடிசைக்காரர் அதே கேட்டில் வாட்ச்மேன்.

நான் மறைப்பை எப்போதும் கயிறு போட்டுக் கட்டியே வைத்தேன்.

“இன்னாடி, எந்நேரமும் கட்டிகினே கீற? உள்ள சாராயம் காய்ச்சறியா?” என்பாள் வாட்ச்மேன் பெண்டாட்டி. நான் முடிச்சை இன்னும் இறுக்கிவிட்டு உள்ளே போய்விடுவேன். கர்வக்காரி என்று பெயர் வந்தது.

ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தேன். குளிக்காததில் மேடை காய்ந்துபோயிற்று. அடுப்புச் சாம்பலை மட்டும் வழக்கம்போல மேடைக்குப் பின்னால் கொட்டிவந்தேன். அவர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு பகலில், மேடைக்குள்ளிருந்து புகை வந்தது. டின்னில் தண்ணீர் இல்லை. கூரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

முதலில் பெல்ட்டைத்தான் இழுத்தேன். ஒரு பக்கம் மேடைக்கடியில் சிக்கியிருந்தது, வரவில்லை. கூப்பிட்டால் பார்த்துவிடுவார்கள். கூப்பிடாவிட்டால் வரிசையே எரியும். தட்டியில் தீ ஏறியபோதுதான், “அக்கா, நெருப்பு” என்று கத்தினேன்.

வாட்ச்மேன் பெண்டாட்டி குடத்தோடு ஓடி வந்தாள். இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனும் வந்தார். தட்டியைப் பிய்த்தெறிந்தார், மேடையை உதைத்துத் தள்ளி மண்ணை வாரிப் போட்டார். கடைசியில் பெல்ட்டை உருவி வெளியே இழுத்தார். புரட்டிப் பார்த்தார்.

“இது எந்த ஷிப்டுல வெளிய வந்திச்சி?” என்றார் மெதுவாக.

“தெரியாதுங்கண்ணா.”

“நான் கேட்டுல நின்ன நேரத்துல வந்திருந்தா எனக்கும் சீட்டு கிழியும், தெரியுமில்ல?”

பெண்டாட்டி வாய் திறக்கப் போனாள். “நீ சும்மா இரு” என்றார். பெல்ட்டைச் சுருட்டித் தன் குடிசைக்குள் கொண்டுபோனார். அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பெல்ட்டை எதற்கு எடுத்துப்போனார் என்று எங்களில் யாரும் போய்க் கேட்கவில்லை.

லிஸ்ட் வர இரண்டு மாதம் ஆயிற்று. அதில் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அதுவரை, வாட்ச்மேன் டியூட்டிக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுருளை எடுத்துப் போகிறாரா என்று கதவிடுக்கு வழியாக அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.