பாட்டிலுக்குள் கரைந்த ஓடுகள்

கடலில் வலையை இழுத்து, மீனை விட்டுவிட்டு, மீனுக்கு இரையாகும் மிதவை உயிர்களை மட்டும் எடுத்து வருவது எங்கள் தொழில். கண்ணுக்குத் தெரியாததற்காகப் பாடுபட்டு ஏச்சு வாங்கும் அன்பர்களே, உங்களுள் ஒருவனாகவே எழுதுகிறேன்.

பேருந்தில் ஒரு விளக்கவுரை

மாதந்தோறும் அந்தமானின் மாயாபந்தர் கடலில் பிடித்தவற்றைப் பாட்டில்களில் அடைத்து, போர்ட் பிளேரிலுள்ள எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவேன். ஒருமுறை பக்கத்து இருக்கை அம்மையார் விவரம் கேட்டார். உலகத்துப் புகையைக் கடல் குடிக்கிறது. அதனால் அதில் அமிலத்தன்மை ஏறுகிறது. சுண்ணாம்பு ஓடு கட்டி வாழும் மிதவை நத்தைகளின் வீடு கரையக்கூடும். அவை அழிந்தால் மீனுக்கும் கேடு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: “அச்சா. எங்க லம்பா லைன் ஏரியாவுல மூணு நாளா குழாயில தண்ணி வரல தம்பி. வராத தண்ணிக்கும் ஒரு ஆராய்ச்சி பண்ணுங்களேன்.”

குற்றவாளி

சில வாரம் அலமாரியில் இருந்த பாட்டிலைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தேன். நத்தைகளுக்கு ஓடே இல்லை. கொதித்துப்போய், கடல் கரைத்துவிட்டதென அறிக்கை எழுதிக் கொடுத்தேன். உடன் பணிபுரியும் கவிதா மட்டும் பாட்டில் நீரைச் சோதித்தார். உயிர்கள் கெடாதிருக்க ஊற்றும் ஃபார்மலினே அமிலத்தன்மை உடையது. வெண்காரம் சேர்த்து அதைத் தணிக்க வேண்டும். நான் மறந்திருந்தேன். கவிதா சொன்னார்: “கடல் மேல கேஸ் போடாதீங்க சார். கொலை நம்ம அலமாரியிலதான் நடந்திருக்கு.”

கையொப்பம்

அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டாம் என்றார் அதிகாரி. நல்ல நோக்கத்துக்கு ஒரு பொய் இருந்தால் என்ன என்பது அவர் வாதம். பிழை வெளிவந்தால் மேலிடத்தார் எங்கள் ஆய்வுப் படகை நிறுத்திவிடுவார்களாம். அன்பர்களே, மூழ்குபவனைக் காக்க ஓட்டைத் தோணியில் புறப்பட்டவன் இருவரையும் மூழ்கடித்தான். பொய்யால் கடலைக் காப்பதும் அவ்வாறே. துணிந்து உண்மை சொல்லுங்கள். என் தவற்றை எழுதி, கையொப்பமிட்டு, அவர் மேசைமேல் வைத்தேன். படித்துவிட்டு அவர் கேட்டது: “சரி, இனிமே படகு கிடையாது. நீச்சல் தெரியுமில்ல?”

மறுபடியும் மாயாபந்தர்

விடுப்பு எடுத்துச் சென்றேன். மீன்பிடிக்கும் முருகேசன் தம் டுங்கி என்னும் சிறு படகில் ஏற்றிக்கொண்டார். இம்முறை ஃபார்மலினில் வெண்காரம் கலந்த பிறகே வலையைத் தொட்டேன். பெரும்பாலான ஓடுகள் முழுமையாக இருந்தன. சிலவற்றின் விளிம்பு மட்டும் மெலிந்திருந்தது. அது கடலின் வேலையா என அறியப் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும் என்று எழுதி, அதே அதிகாரிக்கே அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்த மாதமும் சென்றேன். அதற்கடுத்த மாதம் மழையிலும் நின்றேன். முருகேசன் தலையிலடித்துக்கொண்டார்: “மெயின்லேண்ட் கப்பலே கேன்சல் ஆகுது. நீங்க மட்டும் கேன்சல் ஆக மாட்டேங்கிறீங்களே அண்ணே.”

உலகத்தின் புகையை என்னால் நிறுத்த இயலவில்லை. என் பாட்டிலின் அமிலத்தை நிறுத்திவிட்டேன், இனி விசாரிக்க மீதியிருப்பது கடல் மட்டுமே.