பிள்ளைத்துணி மூட்டை

எங்கள் வீட்டிலிருந்து குப்பை என்று வெளியே போவது அபூர்வம். தாராவியில் ஒற்றை அறை, மூன்று வயதில் ஒரு பெண், வயிற்றில் ஒன்று. காய்த்தோலும் கஞ்சித் தண்ணீரும் எதிர்வீட்டு ஆட்டுக்குப் போய்விடும். பால் கவரைக் கழுவிக் கம்பியில் கிளிப் போட்டுக் காயவைத்து, பழைய பேப்பரோடு, அதையெல்லாம் எடைக்கு வாங்கும் ரத்திவாலாவிடம் கொடுப்பேன். இதைக் கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மழைக்காலத்தில் சாக்கடை அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, அதில் மிதந்து வந்த கவர்களில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.

எல்லாவற்றையும்விட நான் பொத்திப் பொத்தி வைத்தது பெரியவளின் பிள்ளைத்துணி மூட்டையைத்தான். பழைய வேட்டியையும் நூல் சேலையையும் கிழித்துத் தைத்த இடுப்புத் துணிகள், முன்பக்கம் முடிச்சுப் போடும் சின்னச் சட்டைகள். துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகியிருந்தன. பிறந்த பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் புதுத்துணி போடமாட்டோம். நோய்நொடியில்லாமல் வளர்ந்த பிள்ளை ஒன்றின் பழைய சட்டைதான் முதலில். பஸ்ஸில் போகிற தூரத்தில் சீத்தா கேம்பில் இருந்த என் கொழுந்தன் பெண்டாட்டிக்குப் பிரசவம் ஆனபோது அந்த மூட்டையைக் கொடுத்தேன். "ஒரு துண்டு தொலையாம திரும்பி வரணும், பாத்துக்க" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

எனக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் என் வீட்டுக்காரரை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போய்விட்டு, கையில் புது டிபன் கேரியரோடு வந்தார். வழியில் கம்பெனிக்குப் போனாராம், சூப்பர்வைசர் ஆனதற்காகக் கொடுத்தார்களாம். மூட்டை எங்கே என்று கேட்டேன். "அவ பிள்ளைக்கு இன்னும் வேண்டியிருக்காம்" என்றார். அடுத்த ஞாயிறு, "வீடு பூட்டிக் கெடந்துது." அதற்கடுத்த ஞாயிறு, "தொவைச்சுப் போட்டிருக்காளாம், காயலையாம்."

வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதம்! பொய் என்று எனக்குத் தெரிந்தது. அது அவள் பொய் என்று நினைத்தேன், அங்கேதான் ஏமாந்தேன். குழாயடியில் குடத்தோடு நின்ற அத்தனை பேரிடமும் சொன்னேன், "என் பிள்ளைத்துணியை அமுக்கிட்டா, களவாணி." அவர் காதில் விழும்படியும் சொன்னேன். மனிதர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எட்டாம் மாத வயிற்றோடு, பெரியவளை இழுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். வாசலில் நின்றபடியே கத்தினேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் திகைத்துப்போய் நின்றாள்.

"யக்கா, அத்தான் மொத ஞாயித்துக்கிழமையே வந்து வாங்கிட்டுப் போயிட்டாவளே! நான்தான் மடிச்சுக் கட்டிக் குடுத்தேன். அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரலையே."

"பொய் சொல்லாதட்டி."

"பிள்ளை மேல சத்தியமாக்கா. முக்குல பர்த்தன்வாலிகிட்ட நின்னு பேசிக்கிட்டிருந்தாவ. பொறவு புது டிபன் கேரியரோட பஸ் ஏறுனாவ."

பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற பர்த்தன்வாலி. நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாகத் தினமும் காலையில் அந்தக் கேரியரில்தான் சோறும் குழம்பும் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மூடி இறுக்கமாக இருக்கிறது, நல்ல சாமான் என்று பெருமை வேறு பேசியிருக்கிறேன். அட பாவி மனுஷா!

அவள் உள்ளே போனாள். தன் மகன் போட்டுக் கழித்த சட்டைகளையும், புருஷனின் பழைய வேட்டியையும் எடுத்து வந்து, வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து என் மடியில் வைத்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அவரை நேருக்கு நேர் கேட்டேன். மறுக்கக்கூட இல்லை.

"சூப்பர்வைசர் பிள்ளை கந்தல்ல கெடக்கணுமா? கூட வேலை பாக்கிறவன் வந்தா வீட்டுல பால் கவர் தொங்குது. சிரிக்கானுவ, ஏட்டி. புதுசு வாங்குவோம்னுதான் போட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா விடுவியா நீ?"

"நான் அவளைக் களவாணின்னு ஊரெல்லாம் சொன்னேனே, அப்பவாவது வாயத் தொறந்தீகளா?"



அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். தாதர் கடைத்தெருவில் வாங்கிய ஜரிகை வைத்த புதுச்சட்டையை அவர் நர்ஸிடம் நீட்டினார். நான் படுத்தபடியே என் பையைக் காட்டி, அதிலிருக்கும் பழைய சட்டையைப் போடச் சொன்னேன். குழாயடியில் நான் களவாணியாக்கியவள் மகனின் சட்டைதான் என் மகன் மேல் முதலில் ஏறியது. அவள் என் தலைமாட்டில் நின்று முடிச்சைச் சரிசெய்தாள்.

மூட்டை போனதை ஒரு வருஷத்தில் மறந்துவிட்டேன், துணிதானே. ஆனால் மூன்று ஞாயிறு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னாரே, அது ஆறவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவரோடு நன்றாகத்தான் வாழ்ந்தேன். அவர் எங்கே போய்விட்டு வந்தேன் என்று சொன்னாலும், நான் தலையை ஆட்டிவிட்டு, பிறகு வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வேன்.