மேப்பக்கத்துக் கைமரங்கள்

சனிக்கிழமை மத்தியானம் முனியாண்டி கூரையில் உட்கார்ந்தபடி ஒரு கைமரத்தை மூலைக்கட்டையோடு சேர்த்துப் பார்த்தான். எடுத்தான். திருப்பி வைத்தான். அடுத்ததைக் கேட்டு வாங்கி அதையும் வைத்துப் பார்த்தான். பிறகு கீழே மெஷின் அருகில் நின்ற என்னைப் பார்த்து, "சவரியண்ணே, காலையில என்ன குடிச்சீங்க?" என்றான்.

"தேத்தண்ணி."

"அப்ப அதுல யாரோ என்னமோ கலந்துட்டாங்க. அஞ்சும் கோணக்கையா இருக்கு."

ஐந்தையும் வெட்டியது நான். நீளம் சரி, கோணமும் சரி. ஆனால் ஒன்றுகூட அந்த இடத்தில் உட்காரவில்லை. எப்படி இது நடந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். மரத்தைக் கோணத்தில் அறுக்கும் மைட்டர் சோ புதிதாக வாங்கி வேலைக்கு இறங்குகிறவர்களுக்குப் பயன்படலாம்.

1. மெஷின்

வேலை நடந்தது கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகும் கட்டடம் அது. காற்றில் ஒரு டர்பன்டைன் மரம் சாய்ந்து, கூரையின் ஒரு மூலையை உடைத்துவிட்டது. அன்றிலிருந்து கட்டடத்தை மூடி வைத்திருந்தார்கள். வலப்பனையைச் சேர்ந்த விஜேசிரி முதலாளி திருத்த வேலையைக் கொந்தராத்து எடுத்து, மர வேலையை என்னிடமும் முனியாண்டியிடமும் கொடுத்தார். நான் கீழே மெஷினில் வெட்டுவேன். அவன் மேலே பொருத்துவான்.

என்னுடையது பத்து இஞ்சி பிளேட் போட்ட ஸ்லைடிங் கம்பவுண்ட் மைட்டர் சோ. அதற்கு மூன்று அசைவுகள். மேசை இடமும் வலமும் திரும்பும், அது மைட்டர். பிளேட் ஒரு பக்கமாகச் சாயும், அது பெவல். தலை முழுவதும் தண்டில் முன்னும் பின்னும் ஓடும், அது ஸ்லைட். அகலப் பலகைக்குத் தலையை முன்னால் இழுத்து, கீழே இறக்கி, பின்னால் தள்ளிக்கொண்டே வெட்ட வேண்டும். இழுத்துக்கொண்டே வெட்டினால் பிளேட் கட்டையின் மேல் ஏறி ஆளை நோக்கி வரும். தோட்டத்துக் கரண்ட் சில நேரம் இறங்கிவிடும். முழு வேகம் பிடித்த சத்தம் காதில் விழாமல் பிளேட்டைக் கட்டையில் இறக்கக் கூடாது. வெட்டு முடிந்ததும் பிளேட் நிற்கும் வரை கையை நீட்டக் கூடாது. இவை மூன்றும் எனக்கு வாய்ப்பாடு மாதிரி.

கூரையின் மூலையில் சாய்வாக இறங்கும் பெரிய கட்டையை மூலைக்கட்டை என்போம். இரண்டு பக்கத்திலிருந்தும் கைமரங்கள் ஏறி வந்து அதில் முட்டும். மூலைக்கு அருகே வர வர அவற்றின் நீளம் குறைந்துகொண்டே போகும். முட்டுகிற நுனியான தலைப்பை மைட்டரும் பெவலும் சேர்த்து வெட்ட வேண்டும். ஒரு பக்கத்துக் கைமரம் மறுபக்கத்துக்கு ஆகாது. இடக்கால் செருப்பை வலக்காலில் போட முடியாதது போலத்தான்.

என் மெஷினில் பிளேட் இடது பக்கம் மட்டுமே சாயும். ஆகவே ஒரு பக்கத்துக்கு வெட்டும்போது கட்டையின் மேல் விளிம்பு மேசையின் பின்தடுப்பில் படும்படி வைப்பேன். மறுபக்கத்துக்கு மேசையை எதிர்த்திசையில் திருப்பி, கட்டையைப் புரட்டி, கீழ் விளிம்பு தடுப்பில் படும்படி வைப்பேன். குழப்பம் வரக் கூடாது என்று கோண அளவுகோலின் இரு புறமும் மார்க்கரால் 'மேல்', 'கீழ்' என்று எழுதி வைத்திருந்தேன். குழப்பம் வந்தது அந்த எழுத்தால்தான்.

2. செல்வியின் பேர்

வெள்ளிக்கிழமை நாங்கள் ரோட்டுப்பக்கத்துக் கைமரங்களை வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இருப்பவள், பெயர் செல்வி. புருசன் கொழும்பில் கடையில் வேலை செய்கிறான். வீட்டில் பிள்ளையைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

"அண்ணே, திங்கக்கிழமை தொறந்துருவாங்களா?"

"தகரம் ஏறிட்டா தொறப்பாங்க. ஏன் தங்கச்சி?"

"பிள்ளைப்பேறு லீவு முடிஞ்சு போச்சுங்க. காம்பரா மூடிக் கெடக்குன்னு ரெண்டு தடவ கூட்டிக் கேட்டு வாங்கிட்டேன். இனிமே இல்லேன்னு கணக்கப்புள்ள சொல்லிட்டாரு. திங்கக்கிழமை பெரட்டுக்கு வராட்டி பேரை வெட்டிருவாங்களாம்."

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். காலையில் ஆள் எடுக்கும் இடம் பெரட்டு. செக்ரோல் என்ற பதிவேட்டில் பேர் இருப்பவள் தோட்டத்து ஆள். பேர் போய்விட்டால் கூப்பிடுகிற நாளில் மட்டும் கைக்காசுக்கு வேலை. திரும்பப் பேர் பதிவது சுலபமல்ல.

"பிள்ளைய முதுகுல கட்டிக்கிட்டுக் கொழுந்து எடுக்கலாம்னு பாத்தேன். கூடையும் அங்கதானே தொங்குது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முனியாண்டி மேலிருந்து, "நீ கவலப்படாத தங்கச்சி. இந்த அண்ணன் அளவெடுத்துத்தான் தும்முவாரு. திங்கக்கிழமைன்னா திங்கக்கிழமைதான்" என்றான்.

3. ஒரு சொல்

சனிக்கிழமை காலை ரோட்டுப்பக்கம் முடிந்தது. மெஷின் 'மேல்' என்று எழுதிய பக்கத்தில் நின்றது. முனியாண்டி மேலிருந்து கத்தினான்: "அண்ணே, இனி மேப்பக்கத்துக்கு வெட்டுங்க! அஞ்சு!"

நான் பார்த்தேன். மெஷின் ஏற்கெனவே 'மேல்' பக்கத்தில்தான் இருந்தது. அதே கையில் இன்னும் ஐந்து கேட்கிறான் என்று எண்ணி, பூட்டை மட்டும் இறுக்கிவிட்டு, அவன் தந்த நீளங்களில் ஐந்தையும் வெட்டினேன்.

எங்கள் மலையில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று யாரும் வழி சொல்வதில்லை. மலை ஏறுகிற பக்கம் மேப்பக்கம், ஆறு ஓடுகிற பக்கம் கீப்பக்கம். வீட்டுக்கும், லயத்துக்கும், கோயிலுக்கும் அப்படித்தான். நானும் லயத்தில் பிறந்தவன். வீதியில் நின்று கேட்டிருந்தால் நிமிர்ந்து மலையைப் பார்த்திருப்பேன். மெஷின் முன்னால் நின்று கேட்டதால் குனிந்து என் எழுத்தைப் பார்த்தேன். அவன் சொன்னது கூரையின் மலைப்பக்கம். நான் வெட்டியது, கட்டையின் மேல் விளிம்பைத் தடுப்பில் வைத்து. ஐந்தும் ரோட்டுப்பக்கத்துக் கைமரங்களாகிவிட்டன.

முனியாண்டி இறங்கி வந்து அளவுகோலைப் பார்த்தான். 'மேல்' என்ற எழுத்தை விரலால் தொட்டான்.

"இத எழுதுனது யாரு?"

"நான்தான்."

"நல்லா எழுதியிருக்கீங்க. பள்ளிக்கூடத்துல போர்டு எழுதக் கூப்பிடுவாங்க."

விஜேசிரி முதலாளிக்குப் போன் பண்ணினேன். மரம் ஏற்றப் பெர்மிட் வேண்டும், செவ்வாய்க்கிழமைக்கு முன் ஒரு கட்டைகூட வராது என்றார்.

நான் ஐந்து கைமரங்களையும் தரையில் நீளவாரியாக அடுக்கினேன். ஒன்றைவிட அடுத்தது ஒன்றே முக்கால் அடி குட்டை. அடுக்கிய பிறகுதான் வழி தெரிந்தது. மிக நீளமானதன் தலைப்பை எதிர்க்கையாகத் திருப்பி வெட்டினால் அது நீளம் குறைந்து இரண்டாவது ஆகும். இரண்டாவது மூன்றாவது ஆகும். இப்படியே இறங்கிவந்தால் கடைசியில் ஒரு குட்டைக் கட்டை மிஞ்சும். மேலே மிக நீளமான ஒன்று மட்டும் குறையும்.

"ரெண்டு துண்டு சேத்து அடிச்சிருவமா?" என்றான் முனியாண்டி.

"ஒட்டுப் போட்ட கைமரத்துக்கு அடியிலயா பிள்ளைங்க தொட்டில் தொங்கணும்?"

அவன் கையில் எடுத்த துண்டைக் கீழே போட்டான்.

செல்வி அப்போது வேலி ஓரமாக வந்து நின்றிருந்தாள். நாங்கள் பேசியது எல்லாம் கேட்டிருக்க வேண்டும். "பழைய கட்டை ஆகாதுங்களா?" என்றாள்.

"பழசு ஏது? உடைஞ்ச கூரையத்தான் வெறகுக்குன்னு லயத்துக்குக் குடுத்துட்டாங்களே."

"எல்லாம் அடுப்புக்குப் போகலீங்க. நீளமா நல்லதா ஒண்ணு இருந்துச்சு. எரிக்க மனசு வரல. எங்க கோழிக்கூட்டுக்கு முகட்டுல போட்டிருக்கோம்."

டேப்போடு போனோம். அதே நாலுக்கு ரெண்டு இஞ்சி. பழைய வைரமான கட்டை, தேவைக்கு மேல் ஒரு சாண் நீளம், உளுத்த இடம் இல்லை. முனியாண்டி கூட்டின் தகரத்தைப் பிரித்தான். உள்ளே இருந்த கோழிகள் கூச்சல் போட்டன.

"கோழி எல்லாம் நனையுமே தங்கச்சி?"

"நனையட்டும். கோழி பேரையா வெட்டப் போறாங்க?"

4. ஒரே ஒரு வெட்டு

பழைய கட்டையில் முதல் வேலை ஆணி தேடுவது. பிளேட்டின் கார்பைட் பல் ஆணியில் பட்டால் உடைந்து முகத்துக்கு நேரே வரும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, காந்தத்தை நான்கு முகத்திலும் நகர்த்திப் பார்த்தேன். தலை முறிந்து உள்ளே கிடந்த ஆணிகள் சிக்கின. ஒவ்வொன்றாகக் குடைந்து எடுத்தோம்.

முதலில் தவறாக வெட்டிய ஐந்தில் நீளமான நான்கை மாற்றி வெட்டினேன். முனியாண்டி ஏறி வைத்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் "ஆச்சு" என்றான். பிறகு பழைய கட்டையைத் தூக்கி மேசையில் வைத்தேன். இதற்கு மாற்று கிடையாது. முனியாண்டியைக் கீழே வரச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

"மே..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டு, கையை நீட்டி மலையைக் காட்டினான். அந்தக் கையைப் பார்த்து, வெட்டு விழ வேண்டிய சாய்வைச் சாக்கட்டியால் கட்டையிலேயே கோடு இழுத்தேன். பிளேட் ஓடாமல் தலையை இறக்கி, பல் கோட்டில் படுகிறதா என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வேகம் பிடித்த சத்தம் கேட்டதும் இறக்கினேன்.

கட்டை மேலே போனது. முனியாண்டி அதை மூலைக்கட்டையோடு சேர்த்துப் பார்த்தான். பிறகு ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

மிஞ்சிய குட்டைக் கட்டையையும் ஓரிரு துண்டுகளையும் வைத்து முனியாண்டி கோழிக்கூட்டைத் திரும்ப அடித்துக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தகரம் ஏறியது. விஜேசிரி முதலாளி அண்ணாந்து பார்த்து, "ஹரி, ஹரி. நல்ல வேலை. இந்த ஒண்ணு மட்டும் ஏன் கறுப்பு?" என்று சிங்களத்துச் 'சரி'யில் தொடங்கித் தமிழில் கேட்டார்.

"அது சர்வீஸ் உள்ள ஆளு முதலாளி. மத்தது எல்லாம் புதுசா சேந்தது" என்றான் முனியாண்டி.

அளவுகோலில் இருந்த எழுத்தைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். இப்போது கட்டையின் மேல் விளிம்புக்கு முதுகு, கீழ் விளிம்புக்கு வயிறு என்று பெயர் வைத்திருக்கிறோம். முதல் துண்டை வெட்டியதும் அதை மேலே வைத்துப் பார்க்காமல் இரண்டாவதை வெட்டுவதில்லை. மெஷின் சொன்ன கோணத்தைப் பிசகாமல் வெட்டும். யார் என்ன சொன்னார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை விடிந்ததும் சாமான்களை ஏற்றப் போயிருந்தேன். செல்வி கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, சேலைத் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்தினாள். பெரட்டுக்குக் கொம்பு ஊதும் நேரம் நெருங்கியிருந்தது.

"நம்ம கோழிக்கூட்டுக் கட்டை எதுங்கண்ணே?"

"மேப்பக்கத்துல மொத கட்டை" என்று சொல்லிவிட்டு, காட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். அதற்குள் அவள் மலைப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.